நின்ற பிறகு குளிருமா? கம்பளி, பாலியஸ்டர், பருத்தி ஒப்பீடு

மலையேறிக்கொண்டிருக்கும்போது எந்தச் சட்டையும் குளிராது. உடம்பே சூட்டைக் கொடுத்துவிடும். மேலே போய் நின்று, காற்று அடிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில்தான் துணியின் குணம் தெரியும். ஆகவே உடம்போடு ஒட்டிப் போடும் முதல் அடுக்கை, வியர்த்து ஈரமான நிலையில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

குளிர் இடங்களுக்குப் பருத்தியை முதலிலேயே கழித்துவிடலாம். நனைந்த பருத்தி தொய்ந்துபோய்த் தோலில் ஒட்டும். இழைகளுக்கு நடுவே காற்று நின்ற இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஜீன்ஸுக்கும் இதே கதிதான். கொளுத்தும் வறண்ட வெயிலில் மட்டும் இந்தக் குறையே சுகமாகிவிடும்.

உண்மையான போட்டி கம்பளிக்கும் பாலியஸ்டருக்கும்தான். மெரினோ என்ற செம்மறியின் மெல்லிய கம்பளியில் செய்த 200 கிராம் பனியன் ஈரப்பதம் மிகுந்த காற்றில் ஏறக்குறைய 60 கிராம் நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். தொட்டால் அவ்வளவாக ஈரம் தெரியாது. அதே எடைப் பாலியஸ்டரின் இழைக்குள் ஓரிரு கிராம் ஏறினாலே அதிகம். வியர்வை முழுக்க இழைகளின் மேலும் இடுக்குகளிலும் தங்கும், நின்றதும் சில்லிடும். கம்பளி இழையின் வெளிப்புறம் கொழுப்புப் படலம் பூத்த செதில்களால் ஆனது. ஸ்வெட்டர் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உருண்டு நிற்கும். உள்ளே இருக்கும் கெரட்டின் புரதமோ ஆவியை இழுக்கும். இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். இழையின் சுருள் நனைந்தாலும் முழுதாகப் படுத்துவிடாது என்பதால் காற்றறைகளும் மிஞ்சும்.

அதற்காகக் கம்பளி சீக்கிரம் காயும் என்று நம்பிவிடாதீர்கள். ஓடையில் விழுந்து தொப்பலாக நனைந்தால் பாலியஸ்டர்தான் முந்திக் காயும். நிற்காமல் ஓடுபவருக்கும், அன்றே வீடு திரும்புபவருக்கும் அதுவே போதும், நீண்ட நாள் உழைக்கவும் செய்யும். நாலு நாள் நடை என்றால் கணக்கு மாறும். பாலியஸ்டர் வியர்வையின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துவைத்து முதல் நாள் மாலையே வாடையடிக்கும். மெரினோவை இரவில் காற்றாட விரித்துவிட்டு மறுநாளும் போடலாம்.

அடுப்புப் பக்கம் வித்தியாசம் இன்னும் கூர்மை. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி உருகாது, பற்றிக்கொள்ளவே 570 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். லேபிளை நம்பாதவர்கள் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம்: முடி கருகும் வாடையோடு பொடியாகும் கரி என்றால் கம்பளி, கெட்டியான உருண்டை என்றால் செயற்கை இழை.

வாங்கும்போது மைக்ரானை, அதாவது இழையின் தடிமனைப் பாருங்கள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டு இழைமுனைகள்தான் தோலைக் குத்தும். உள்ளே போட 17 முதல் 19 வரை நல்லது. எடையில், சதுர மீட்டருக்கு 150 கிராம் மிதமான குளிருக்கு, 200 பெரும்பாலான நடைகளுக்கு, 250 கடுங்குளிருக்கு. 150 கிராம் துணியின் பலவீனம் தோள்பட்டை: கனமான பையின் பட்டி உரசி அங்கேதான் முதல் ஓட்டை விழும், அதிலும் ஈரக் கம்பளிக்கு வலு குறைவு. பத்துப் பதினைந்து சதவீதம் நைலான் கலந்தது இதைத் தாங்கும். காலுறையில் நைலான் இல்லாத சுத்தக் கம்பளி வீண்செலவு; குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

துவைப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். சுடுதண்ணீரும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுத் துணி சுருங்கிக் கெட்டியாகும். அதைத் திரும்ப இழுத்துச் சரிசெய்ய முடியாது. புரதக் கறையைத் தின்னும் என்சைம் கலந்த பவுடர் கம்பளியையும் தின்னும், பிளீச்சும் கூடாது. 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், கம்பளிக்கான திரவ சோப்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றுதல், நிழலில் படுக்கப்போட்டுக் காயவைத்தல். சீசன் முடிந்ததும் துவைக்காமல் மடித்து வைக்காதீர்கள்: வியர்வை படிந்த மடிப்புகளில்தான் அந்துப்பூச்சியின் புழுக்கள் செழிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, இறுக மூடும் பையில் போட்டு வையுங்கள்.