நீலத் தார்ப்பாய், 18க்கு 12 அடி, '120 ஜி.எஸ்.எம்': 5க்கு 2 நட்சத்திரம்

மயிலாடுதுறைப் பக்கம் கல்யாணப் பந்தல் போடுவது என் தொழில். படுதா வாங்குவது, கட்டுவது, கிழிந்ததை ஒட்டுவது இதுதான் பிழைப்பு. அதனால் எங்கே பூகம்பம், புயல் என்றாலும் யாராவது போன் போட்டு, "அண்ணே, எந்தத் தார்ப்பாய் வாங்கி அனுப்பலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்காகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்தச் சரக்கை நான் சோதித்தது நேபாளத்தில். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை மத்தியானம் 7.8 அளவில் ஆடிய பூகம்பம். ஓய்வதற்குள் மே 12ஆம் தேதி 7.3 அளவில் இன்னொன்று. கிட்டத்தட்ட 9,000 பேர் போய்விட்டார்கள். அதிலும் அதிகம் செத்தது சிந்துபால்சோக் மாவட்டத்தில். நான், எங்கள் பந்தல் பசங்க ரெண்டு பேர், தெரிந்த பிசியோதெரபி தம்பி ஒருவர், ஆக நாலு பேர் கிளம்பினோம். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில், சோனௌலி எல்லை தாண்டி பஸ். கையில் 60 தார்ப்பாய், பத்துப் பத்தாக ஆறு கட்டு. தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் இறக்குமதி வரி கிடையாது என்று நேபாள அரசு அப்போது அறிவித்திருந்ததால் எல்லையில் தொல்லை இல்லை.

தொல்லை ஊரிலேயே ஆரம்பித்துவிட்டது. பார்சல் ஆபீஸ் தராசில் ஒரு கட்டை வைத்தால் 18 கிலோ. 18க்கு 12 அடி என்றால் சுமார் 20 சதுர மீட்டர். ஜி.எஸ்.எம் என்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு; 120 என்றால் ஒரு தார்ப்பாய் 2 கிலோ 400 கிராம் இருக்கணும், பத்துக்கு 24 கிலோ. அட்டையில் 120 என்று அச்சடித்து 90ஐக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவசரத்தில் எடை போடாமல் வாங்கியது என் தப்பு. இருபத்தைந்து வருட அனுபவம் அன்றைக்கு எங்கே போச்சோ.

சிந்துபால்சோக் மாவட்டத் தலைநகர் சௌதாராவுக்கு மேலே ஒரு மலைக்கிராமம். வீடெல்லாம் கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டியவை. நின்ற வீடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. சனங்கள் மக்காச்சோளக் கொல்லையில், ஆடுமாடுகளோடு ஒரே கூரைக்கடியில் படுத்திருந்தார்கள். தார்ப்பாயை அங்கே திரிபால் என்கிறார்கள். அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல் 'தாய்'. "தாய், திரிபால்!" என்று மீசை வைத்த ஆள் ஒருவர் முதல் நாள் என்னைக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தேன், யார் தாய் என்று.

முதல் ராத்திரியே காற்று. விடிந்து பார்த்தால் கட்டியதில் பாதிக்கு ஓரத்து அலுமினிய வளையம் பிய்ந்து தொங்குகிறது. துணி கிழியவில்லை, வளையம் மட்டும் கழன்றுவிட்டது. மெலிசான தார்ப்பாயில் எப்போதும் முதலில் போவது அந்த இடம்தான். ஆகவே வளையத்தை நம்பாதீர்கள். எலுமிச்சம்பழம் அளவு உருண்டைக் கல் ஒன்றை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே அடிப்பக்கமாக வைத்து, துணியை அதன்மேல் பையாகக் குவித்து, கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இழுங்கள். இழுக்க இழுக்க இறுகும், கிழியாது. கல்லுக்கு அங்கே பஞ்சமா? அப்படி மாற்றிக் கட்டியபின் ஒன்றுகூட அவிழவில்லை.

இறுக்கிக் கட்டுவது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு ஒரு கிழவிதான் புரியவைத்தார். தொடையெலும்பு முறிந்து, காட்மாண்டு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பியிருந்தார்கள். தார்ப்பாய் தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவருக்குக் கை நடுங்கும், மகளைப் பிடித்துக்கொண்டு வெளியே தூக்கச் சொல்லி அழுவார். மறுபடி ஆடுகிறது என்று நினைப்பு. நிஜமாகவே தினம் ஒன்றிரண்டு ஆடிக்கொண்டும் இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியுமா? அவருடையதை மட்டும் மூன்று தடவை பிரித்துக் கட்டினோம். முகட்டை உயர்த்தி, நடுவில் தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுத்து, மத்தளத் தோல் மாதிரி இழுத்தோம். அன்று ராத்திரி மழை பெய்தது. காலையில் மகள் வந்து, "ஆமா தூங்கினாள்" என்று சைகையில் காட்டினாள். ஆமா என்றால் அங்கே அம்மா.

பிசியோ தம்பிக்கு வேறு பிரச்சினை. ஊன்றுகோல் ஈரக்கொல்லைச் சேற்றில் புதைகிறது. கிழவியின் இடிந்த வீட்டுக் கதவையே தேடி எடுத்து வாசலில் படுக்கப் போட்டோம். அதன் மேல்தான் அவருக்கு நடைப்பயிற்சி. தாழ்ப்பாள் துருத்திக்கொண்டிருந்தது, அதைச் சுத்தியலால் அடித்து மடக்கினேன்.

வெயிலுக்கு இந்தத் தார்ப்பாய் சுத்த மோசம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தார் ஷீட் போட்டுத் தற்காலிகக் குடியிருப்பு கட்டினார்களே, பகலில் உள்ளே உட்கார முடியாது. அதே புழுக்கம். மேலே வைக்கோல் பரப்பி, பறக்காமல் மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினால் கொஞ்சம் தாங்கும். உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது, பொறி பட்டால் உருகி ஒழுகும்.

பக்கத்துக் கொல்லையில் நிவாரண அமைப்புகள் கொடுத்த வெள்ளைத் தார்ப்பாய் இருந்தது. 4 மீட்டருக்கு 6 மீட்டர், நடுவில் கறுப்பு நூல் நெசவு, இரண்டு பக்கமும் வெள்ளைப் பூச்சு, வளையம் வருகிற இடமெல்லாம் தடித்த பட்டை. தூக்கிப் பார்த்தேன், நாலரை கிலோவுக்குக் குறையாது. அதற்கு நாலரை நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். 60 நீலத்துக்குப் பதில் 25 அந்த ரகத்தில் கொண்டுபோயிருக்கலாம்.

இன்னொன்று, கயிறு. சாலை வளைவில் யாரோ இறக்கிவிட்டுப் போன தார்ப்பாய்கள் குவிந்து கிடந்தன, ஒரு முழம் கயிறு கிடையாது. சனங்கள் புடவைக் கிழிசலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் ஒன்றுக்கு 20 மீட்டராவது சேர்த்து அனுப்புங்கள். நார்க்கயிறு நல்லது, மூங்கிலில் வழுக்காது.

ஜூனில் மழைக்காலம் தொடங்கும்போது அரசு கொடுத்த 15,000 நேபாள ரூபாயில் தகரம் வாங்கிச் சிலர் கூரை போட ஆரம்பித்தார்கள். தகரத்துக்கு அங்கே ஜஸ்தா என்று பெயர். நம் நீலம் ஆட்டுக் கொட்டகைக்கு இறங்கியது. அந்த வேலைக்கு அது போதும்.

மிஞ்சிய ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்து குடோனில் வெளியே நிற்கும் ஜெனரேட்டருக்குப் போர்த்தினேன். இரண்டாம் கோடையில் மடிக்கப் போனால் மடிப்பு மடிப்பாக உடைந்து, கையெல்லாம் நீலத் தூள்.

கடைக்காரரிடம் எடையைச் சொன்னதற்கு, "தராசு தப்பா இருக்கும்ணே" என்றார். இப்போது நான் தொங்கு தராசோடுதான் போகிறேன். அதைப் பார்த்ததும், "எடை போட்டு வாங்குறதா இருந்தா வேற விலைண்ணே" என்கிறார்.