அம்மாவின் ரேடியோவும் என் பாட்காஸ்டும்

திருகோணமலையில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு ரேடியோ உண்டு. மரண அறிவித்தல் போகும்போது அம்மா தேங்காய் திருவுவதையும் நிறுத்திவிடுவார். மூதூரிலோ கிண்ணியாவிலோ தெரிந்தவர் பெயர் வருகிறதா என்று காது அங்கேயே இருக்கும். எனக்கு பாட்காஸ்ட்தான், அதாவது இணையத்திலிருந்து போனில் இறக்கி விரும்பிய நேரத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி. உப்புவெளியிலிருந்து பஸ் ஏறினால் இயர்போனை மாட்டிவிடுவேன்.

இரண்டும் ஒன்றுதானா? ‘பாட்காஸ்டிங்’ என்ற சொல் 2004 பெப்ரவரியில் கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் தலைகாட்டியது. 2006இல் ரிச்சர்ட் பெரி என்ற பிரித்தானிய ஆய்வாளர், பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவியான ஐபாட் வானொலியை விழுங்கிவிடுமா என்று கேட்டு எழுதினார். பத்து வருடம் கழித்து அவரே, பாட்காஸ்டை வானொலியின் ஒரு கிளையாக மட்டும் பார்த்தால் அதன் தனித்தன்மை தெரியாமல் போகும் என்ற பக்கம் நகர்ந்தார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பாட்காஸ்டை ஏன் கேட்கிறார்கள் என்பதை மெக்லங், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் ஆராய்ந்தார்கள். பொழுதுபோக்கு, வசதியான நேரத்தில் கேட்பது, சேர்த்துவைப்பது எல்லாம் காரணங்களாக வந்தன. சேர்த்துவைப்பதில் நான் கெட்டிக்காரன், கேட்பதில்தான் பிந்திப்போகிறேன்.

நெருக்கம் என்ற விசயத்தில் மட்டும் எனக்கு ஆய்வாளர்களோடு கொஞ்சம் பிணக்கு. இயர்போன் வழியே குரல் காதுக்குள்ளேயே பேசுவதால் பாட்காஸ்டில் நெருக்கம் அதிகம் என்கிறார்கள். இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத்தின் குரலோடு வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். முன்பின் பாராத அறிவிப்பாளரைச் சொந்தக்காரர் போல நினைக்கும் இந்த உறவைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற ஆய்வாளர்கள் 1956லேயே எழுதிவிட்டார்கள். அப்போது பாட்காஸ்ட் ஏது?

அப்புறம் செலவு. வானொலிக் கோபுரத்துக்கு ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் மின்சாரச் செலவு ஒன்றுதான். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி 1980களில் திருகோணமலையில் மறுஒலிபரப்பு நிலையம் அமைத்து, இங்கிருந்தே ஆசியாவுக்கு ஒலிபரப்பியது. கேட்பவர் கையிலிருந்து ஒரு சதம் போகவில்லை. பாட்காஸ்டில் ஒவ்வொருவரும் தன் டேட்டாவைக் கொடுத்துத்தான் கேட்கவேண்டும். ஆனால் ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத நடுக்கடலிலும் ஓடும். வள்ளத்தில் போகும் என் மாமா வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது கேட்பது அதைத்தான். காற்று மாறுகிறதா, புயல் வருகிறதா என்பதற்கு மட்டும் சின்ன ரேடியோ. நேற்று இறக்கிய எபிசோட் இன்றைய புயலைச் சொல்லாதே.

கூர்ந்து கேட்கவேண்டிய விசயமென்றால், வரலாறோ நீண்ட நேர்காணலோ, பாட்காஸ்டை விட நல்லது இல்லை. விளங்காவிட்டால் பின்னால் தள்ளி மறுபடி கேட்கலாம். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றபோது அப்பா நொந்துபோனார். தூக்கத்தில் தவறவிட்டதை மறுபடி கேட்கும் வசதி அன்றைக்கு அவருக்கு இருந்ததில்லை. என்றாலும் பாட்காஸ்டில் நான் தேடாதது எதுவும் என்னிடம் வராது. ரேடியோவில் கேளாமலே வரும்.

போன கிழமை அம்மாவின் போனில் நல்லதொரு பாட்காஸ்டைப் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதில எங்கட ஊர் ஆக்கள்ட பேர் எப்ப சொல்லுவினம்?” என்றார்.