முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் புதுச்சேரி

புதுச்சேரியில் நடக்கும் திருமணத்துக்கு வரும் வெளியூர் உறவினர்களுக்கு ஊரைப் பார்க்க இரண்டே இடைவெளிகள் கிடைக்கின்றன: வரவேற்புக்கு மறுநாள் விடியற்காலை ஒன்று, மதியப் பந்தி முடிந்து ஊர் திரும்பும் வரையுள்ள பிற்பகல் மற்றொன்று. அந்தப் பிற்பகலுக்கு வேன் அமர்த்தும் வீட்டார் பெரும்பாலும் ஆரோவில்லையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது சரியான தேர்வாக எனக்குப் படவில்லை.

1968இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நகரியமான ஆரோவில், நகரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ளது. அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திருக்குள் அமர முன்பதிவு வேண்டும். அது இல்லாதவர்கள் இலவச நுழைவுச்சீட்டு பெற்று, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து, அந்தப் பொன்னிறக் கோளத்தைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பட்டுப்புடவையோடு வரும் பெரியம்மாக்களுக்கு இது பெரும் சோதனை.

வரலாற்றில் நாட்டமுள்ளவர்கள் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டைக் கேட்பார்கள். ரோமானிய வணிகத் தொடர்பை உறுதிசெய்த, தொல்லியலாளர் வீலரின் 1945ஆம் ஆண்டு அகழாய்வு அங்குதான் நடந்தது என்றாலும், இன்று கண்ணுக்குத் தெரிவது தோப்பும் பிற்காலச் செங்கல் சுவர்களுமே. அங்கு கிடைத்த மணிகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் நகர அருங்காட்சியகத்தில் பார்ப்பதே மேல். திங்கட்கிழமை முகூர்த்தமென்றால் அதுவும் மூடியிருக்கும். குழந்தைகள் மிகுந்த குடும்பத்துக்குச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை போதும்.

இவை எல்லாவற்றையும்விட நகருக்குள் நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாகப் படம் எடுக்க விரும்பும் இளையவர்களுக்குப் பிரெஞ்சுப் பகுதி ஏற்றது. ஆனால் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால்தான் ஊரின் இன்னொரு முகம் தெரியும். அங்குள்ள பழைய தமிழ் வீடுகளில் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம் தெருவில் போகிறவர்களின் நிழலுக்காகவும், அதையடுத்த திண்ணை வீடு தேடி வருபவர்களுக்காகவும் கட்டப்பட்டவை. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த பாரதியார் குடியிருந்த வீடும் ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவில் நினைவிடமாக உள்ளது.

கடற்கரைச் சாலையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரவிலிருந்து வாகனங்கள் அனுமதிக்கப்படாத அந்த நேரத்தில், 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தி சிலையையும் கடந்து முதியவர்களும் அச்சமின்றி நடக்கலாம். சாலையோரம் நெடுகக் கருங்கற்கள் குவிந்திருப்பதால் கால் நனைக்க மட்டும் எல்லா இடத்திலும் வழியில்லை. சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் மண்டபம் திரும்பினால், முதல் பந்தியின் இட்லி சூடாகவே கிடைக்கும்.