மசில் ஹெடர்களோடு சில வருடங்கள்

யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் பதிந்துவைக்கும் சிறிய லினக்ஸ் போர்டுகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறேன். போர்டில் அல்பைன் என்ற சிறிய லினக்ஸ், அதன் சி லைப்ரரி (நிரல்களுக்கு வேண்டிய அடிப்படை ஃபங்ஷன்களின் தொகுப்பு) மசில். மேசைக் கணினியில் உபுண்டு லினக்ஸ், அதன் சி லைப்ரரி ஜிலிப்சி. வருடக்கணக்காக ஒரே நிரலை இரண்டிலும் கொம்பைல் பண்ணிப் பார்த்ததில், ஹெடர் (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கொம்பைலருக்குச் சொல்லும் .எச் கோப்பு) விஷயத்தில் என் மனம் மசில் பக்கம்தான்.

தொடக்கத்தில் அலுப்பாக இருக்கும். பட்டியல், வரிசை அமைக்க உதவும் சிஸ்/கியூ.எச் மசிலில் இல்லை. பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் இருந்து எடுத்து நிரலோடு வைத்துக்கொண்டோம். சிஸ்/போல்.எச் என்று எழுதினால் கொம்பைல் ஆகும், ஆனால் வெறும் போல்.எச் என்று எழுதச் சொல்லி எச்சரிக்கை வரும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொது நியமமான போசிக்ஸில் உள்ள பெயர் அதுதான், சரி.

மினக்கெட்டதன் பலன், பிழை எண்ணைச் செய்தியாக மாற்றும் ஸ்ட்ரெரர்_ஆர் விஷயத்தில் தெரிந்தது. சென்சர் வயர் கழன்றால் பிழைச் செய்தி லொக்கில் விழவேண்டும். போர்டில் ஒழுங்காக விழுந்த செய்தி உபுண்டுவில் வெறுமையாக வந்தது. போசிக்ஸ்படி இந்த ஃபங்ஷன், நாம் கொடுக்கும் பஃபரில் (நினைவக இடத்தில்) செய்தியை எழுதிவிட்டு ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும். பழைய மேக்ஃபைலில் (எப்படிக் கொம்பைல் பண்ணுவது என்று சொல்லும் கோப்பில்) ஜிலிப்சியின் கூடுதல் வசதிகளைத் திறந்துவிடும் _ஜிஎன்யு_சோர்ஸ் என்ற மேக்ரோ கிடந்தது. அது இருந்தால் ஜிலிப்சி அதே பெயரில் வேறு வடிவத்தைத் தரும்: செய்தி இருக்கும் முகவரியைத் திருப்பித் தந்துவிட்டு, பஃபரைத் தொடாமலே விடலாம். மசிலில் எந்த மேக்ரோ போட்டாலும் போசிக்ஸ் வடிவம் மட்டும்தான். இப்போது எங்கள் மேக்ஃபைலில் போசிக்ஸ் வடிவத்தைக் கேட்கும் _போசிக்ஸ்_சி_சோர்ஸ்=200809எல் மட்டுமே இருக்கிறது; இரண்டு பக்கமும் ஒரே செய்தி விழுகிறது. (சி++ எழுதுபவர்கள் கவனியுங்கள், ஜி++ கொம்பைலர் அந்த ஜிஎன்யு மேக்ரோவைத் தானாகவே போட்டுவிடும்.)

அடுத்தது நேரம். 2020இல் வந்த மசில் 1.2.0 முதல் 32 பிட் போர்டிலும் நேரத்தை எண்ணாக வைத்திருக்கும் டைம்_டி 64 பிட்தான். ஜிலிப்சியில் 2.34 முதல் இது முடியும், ஆனால் _டைம்_பிட்ஸ், _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் இரண்டையும் 64 என்று நாமே போடவேண்டும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் கிணற்றுக் கணக்கு, 32 பிட் டைம்_டி நிரம்பிவிடும் 2038ஐத் தாண்டியும் வேண்டும். அதனால் இதை நான் சின்ன விஷயமாக எடுப்பதில்லை.

மசிலை அடையாளம் காண மேக்ரோ இல்லை என்று பலர் குறைப்படுவார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. எந்த லைப்ரரி என்று கேட்காமல், தேவையான வசதி இருக்கிறதா என்று சோதிப்பதுதான் முறை. உண்மையான குறை, ஃபங்ஷன் அழைப்புகளின் தடத்தைத் தரும் எக்செக்இன்ஃபோ.எச் இல்லாதது. போர்டில் நிரல் விழுந்தால், எந்த வழியாக வந்து விழுந்தது என்று பார்க்க இன்னும் மேசைக் கணினிக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.