அணையில் ஓடும் சின்ன போட்டுக்கு லைட் ஒயரிங்: போர் மோட்டார் கேபிள், மூன்று வருடத்துக்குப் பிறகு

ஒயர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் தோட்டத்து மோட்டார் ரூமை ஒருக்கா எட்டிப் பாருங்க. போர்வெல்லில் மோட்டார் இறக்கியபோது மிஞ்சிய மூணு கோர் (உள்ளே மூணு தனி ஒயர்) தட்டைக் கேபிள் எட்டுப் பத்து மீட்டராவது ஆணியில் சுருண்டு தொங்கும். கொங்குப் பக்கம் சின்ன போட்டுக்கு அதைவிட மலிவாக உருப்படியான லைட் ஒயர் அமையாது. வருடக்கணக்கில் தண்ணிக்குள்ளேயே கிடக்கட்டும் என்று செய்த கேபிள் அது. பவானிசாகர் அணையில் ஓடும் 14 அடி பைபர் போட்டில் 1.5 ஸ்கொயர் எம்.எம். தடிமனில் இந்தக் கேபிளைப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கேபிளில் இதுவரை குறை இல்லை. கெட்டதெல்லாம் ஜாயிண்டும் சுவிட்சும்தான்.

லோடு சின்னது. முன்னால் 10 வாட் எல்.இ.டி., உள்ளே வலை பிரிக்க 3 வாட், இரண்டும் 12 வோல்ட். சேர்த்து 1.1 ஆம்பியர் இழுக்கும். யு.பி.எஸ்.ஸில் வரும் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால் மூன்று மணி நேரம் ஓடும். சாயந்திரம் வலை விட்டு, விடியும் முன் எடுத்து வர அது போதும்.

இந்த லோடுக்கு 1.5 தேவையா என்றால், கரண்டுக்காகத் தேவையில்லை. பேட்டரியிலிருந்து முன் லைட்டுக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர். அந்த நீளத்துக்கு 1.5 செம்பின் தடை 0.13 ஓம், 10 வாட் லைட்டுக்கு 0.1 வோல்ட்தான் விழும். 0.5 ஒயரில்கூட 0.3 வோல்ட்தான். பழைய 35 வாட் ஹாலஜன் என்றால் கதை வேறு: அதே 0.5 ஒயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் போய், வெளிச்சம் மஞ்சளாகச் சோர்ந்துவிடும். எல்.இ.டி.க்குத் தடிமன் கேட்பது உடம்பு பலத்துக்காக. துடுப்பு இடிக்கும், வலைக்கல் விழும், ஆள் மிதிப்பார். கேபிள் கையில் இல்லாமல் புதிதாகத்தான் வாங்கணும் என்றால் 0.75 அல்லது 1 ஸ்கொயரில், வெளி உறை உள்ள இரண்டு கோர் வட்டக் கேபிள் கேளுங்க. உறையில் ஐ.எஸ். 694 என்று அச்சிட்டிருக்கும். சிவப்பு கறுப்பு ஒட்டி வரும் ஸ்பீக்கர் ஒயர் வேண்டவே வேண்டாம்.

மூணு கோர் இருப்பதில் ஒரு வசதி உண்டு. நீலத்தைப் பொது நெகட்டிவாக வைத்து, சிவப்பை முன் லைட்டுக்கும் மஞ்சளை உள் லைட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வழியாகக் கொடுத்தால் ஒரே கேபிளில் வேலை முடிந்தது.

போரிலிருந்து உருவிய பழைய கேபிள் என்றால் சோதிக்காமல் போடாதீங்க. போர் குழாயில் (கேசிங்) உரசி உறை தேய்ந்திருக்கும். முனைகளை மட்டும் வெளியே விட்டு, மீதியை உப்புப் போட்ட பக்கெட் தண்ணீரில் அரை நாள் ஊற வைத்து, ஒவ்வொரு கோருக்கும் தண்ணிக்கும் இடையே மல்டிமீட்டரின் மெகாஓம் அளவில் பாருங்க. எண் ஏதாவது காட்டினால் எங்கோ ஓட்டை. செம்புதானா என்பதற்கு ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் போதும். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், நாலு தடவை மடக்கினால் ஒடியும். மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல சரக்கு. கடலுக்கு அதுதான் வேண்டும். அணைத் தண்ணிக்கு வெறும் செம்பே போதும், முனையை மட்டும் அடைத்துவிட்டால்.

அந்த முனையில்தான் எல்லாம் இருக்கிறது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல மெல்லிய இழைகள் ஈரத்தை உறைக்குள் இழுக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் ஒயரைச் சீவினால் உள்ளே ஒரு சாண் தூரம் கறுத்து, லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) பக்கம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். முறுக்கிச் சாதா டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒரு மழைக்காலம் தாண்டாது. வெயிலில் பசை இளகி டேப் தானே அவிழும். செய்யவேண்டியது: இழை மின்னும் வரை பின்னால் வெட்டி, லக்கை இடுக்கியால் நசுக்கி இறுக்கி (கிரிம்ப்), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இரண்டு முனையிலும் பசை பிதுங்கும் வரை சூடு காட்டுவது. மூணு கோரும் பிரியும் இடத்தில் ஸ்லீவ் மட்டும் அடைக்காது. அங்கே போர் மெக்கானிக் செய்கிற மாதிரி ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றி, மேலே பி.வி.சி. டேப். ஜாயிண்ட் எதுவும் அடித்தட்டில் கிடக்கக் கூடாது. லைட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் வழியும் தண்ணி வளைவிலேயே சொட்டிவிடும்.

ப்யூஸ் பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள், 3 ஆம்பியர் பிளேடு வகை. ஹோல்டரோடு நூறு ரூபாய்க்குள் முடியும். இதில் மிச்சம் பிடிப்பவர்களை என்ன சொல்ல! 7 ஏ.எச். தானே என்று நினைக்க வேண்டாம், ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியர் தள்ளும். ஒயர் உருகி வலையில் பற்றும். பேட்டரியில் முதலைக் கிளிப் மாட்டினால் துரு பிடிக்கும். 4.8 மி.மீ. ஸ்பேட் லக் போட்டு வாசலின் தடவிவிடுங்க. பேட்டரிப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடாதீங்க, சார்ஜில் வாயு வரும்.

தட்டைக் கேபிளின் குறைகளும் உண்டு. கேபிள் நுழையும் துளையில் மாட்டும் வட்ட கிளாண்டில் பக்கவாட்டில் சந்து விடும், சிலிகான் அடைக்கணும். அகலப் பக்கமாக வளையும், ஓரப் பக்கமாக வளையாது, அதனால் மூலையில் ஒரு திருப்பு திருப்பித்தான் கொண்டுபோகணும். அரை அடிக்கு ஒரு கிளிப். கோடையில் தண்ணி இறங்கி போட் கரையில் கிடக்கும்போது எலி கடிக்கும். கேபிளை உள்விளிம்புக்கு அடியில் ஓட்டினால் கொஞ்சம் தப்பும். மூன்று வருடத்தில் ராக்கர் சுவிட்ச் இரண்டு தடவை மாற்றியாயிற்று, ரப்பர் மூடி போட்டது மட்டும் இன்னும் ஓடுகிறது.

பரிசலுக்கு இத்தனையும் வேண்டாமுங்க. பேட்டரி உருளும், காலை வைக்க இடமிருக்காது. தலையில் மாட்டும் சார்ஜ் லைட் போதும்.