வாளுக்கு முன்னால் சில கேள்விகள்: ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிப்பப்ளிக்’ கைபேசிப் பதிப்பு

‘ஸ்டார் வார்ஸ்’ கதைகளில் அமைதியைக் காக்கும் வீரத்துறவிகளான ஜெடாய்களை வைத்து எடுக்கப்பட்ட வீடியோ கேம்கள் பலவற்றில், ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர்களின் ஆயுதமான ஒளிவாள் நம் கைக்கு வந்துவிடும். ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிப்பப்ளிக்’ அதைப் பல மணி நேரம் தள்ளிப்போடுகிறது. கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய இந்த ஆட்டம் 2003-ஆம் ஆண்டு எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் வெளியானது. 2013-இல் ஐபேடுக்கும், 2014 இறுதியில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. நான் கைபேசியில்தான் இதை முழுவதுமாக ஆடி முடித்தேன். ஜெடாய் என்பவர் யார், அந்த அமைப்பு எதற்காக இருக்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாகவும் நேர்மையாகவும் கேட்ட வேறொரு விளையாட்டை நான் ஆடியதில்லை.

கதை, திரைப்படங்களின் காலத்துக்கு ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னால் நடக்கிறது. மாண்டலோரியர்கள் என்ற போர்க்குடியினர் விண்வெளிக் குடியரசின்மீது படையெடுத்து வந்தபோது, அவசரப்பட்டுப் போரில் இறங்க வேண்டாம் என்று ஜெடாய்ப் பேரவை தடுத்தது. ரெவன், மாலக் என்ற இரண்டு ஜெடாய்கள் அதை மீறிச் சென்று போரை வென்றார்கள். ஆனால், வென்றவர்கள் குடியரசைக் காக்கத் திரும்பவில்லை. ஜெடாய்களின் எதிரிகளான சித் கூட்டத்தின் தலைவர்களாக, அதே குடியரசை அழிக்கத் திரும்பினார்கள். பேரவை தாமதித்தது தவறா, அவர்கள் மீறியது தவறா என்ற கேள்வி கதை நெடுகிலும் நம்முடன் வருகிறது. ஆட்டம் அதற்கு ஒற்றை வரியில் விடை சொல்லிவிடாததை அதன் பெரிய பலமாகக் கருதுகிறேன்.

நாம் தொடங்குவது ஒரு சாதாரணக் குடியரசு வீரராக, சித் படை பிடித்துவைத்திருக்கும் டாரிஸ் என்ற நகரக் கோளில். மேல் நகரத்தில் செல்வர்களும், கீழ் நகரத்தில் ரவுடிக் கும்பல்களும், அதற்கும் அடியில், சூரியனையே பார்க்காத ஆழத்தில், ஒதுக்கப்பட்டவர்களும் வாழ்கிறார்கள். அந்த ஆழத்தில் மனிதர்களை மிருகங்களாக்கும் ஒரு கொள்ளைநோய் பரவிக்கொண்டிருக்கிறது. அதற்கான மருந்து ஒரு கட்டத்தில் நம் கையில் கிடைக்கும். நோயைக் குணப்படுத்த வழி தேடும் மருத்துவரிடம் அதைக் கொடுக்கலாம். நல்ல விலை தரத் தயாராக இருக்கும் கள்ளக்கும்பல் தலைவனின் ஆளிடம் விற்கவும் செய்யலாம். அந்த நேரத்தில் நல்ல ஆயுதம் வாங்கக்கூட நம்மிடம் பணம் இருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளிவாளும் சிறப்பு ஆற்றலும் வருவதற்கு முன்பே, யாரும் நம்மை ஜெடாய் என்று அழைக்காத நிலையிலேயே இந்தத் தேர்வு வைக்கப்பட்டுவிடுகிறது. டாரிஸ் நீளமாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நீளம் தேவையானதாகவே பட்டது.

ஆட்டத்தின் உயிர்நிலை டான்டூயின் என்ற புல்வெளிக் கோளில் இருக்கிறது. அங்குள்ள ஜெடாய் மடத்தில் வேண்டர், வ்ரூக், ஸார், டோராக் என்ற நான்கு ஆசான்கள் நம்மைச் சோதிக்கிறார்கள். வ்ரூக் நம்மை ஏற்கவே தயங்குகிறார். அவருடைய கடுமைக்கு நியாயமான காரணம் இருப்பது பின்னால்தான் புரியும். ஸாரிடம் ஜெடாய் நெறிமொழியைச் சொல்லிக் காட்ட வேண்டும். அதன்பின் டோராக் சில கேள்விகளைக் கேட்டுவிட்டு, ஒளிவாளுக்கு நிறம் தரும் படிகங்களில் நம் இயல்புக்கு ஏற்றதைத் தருகிறார். அந்தக் கேள்விகளில் ஒன்று மிக எளிமையானது: பூட்டிய கதவு ஒன்று எதிரே இருக்கிறது, நீ போக வேண்டிய இடம் அதற்கு அப்பால் இருக்கிறது, என்ன செய்வாய்? என் அக்கா மகள் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடைகளைப் படித்து முடிப்பதற்குள் அவள், “கதவைத் தட்டிப் பார்க்கலாமே சித்தி” என்றாள். அப்படி ஒரு விடை உண்மையிலேயே அங்கே இருந்தது. விடையைப் பொறுத்து ஜெடாய்களில் மூன்று பிரிவுகள்: உடைத்துக்கொண்டு போகிறவர் காவல் வீரர், அவருக்கு நீலம். பூட்டைத் திறக்க வழி தேடுகிறவர் கண்காணிப்பவர், அவருக்கு மஞ்சள். தட்டுகிறவர் அறிவுரையாளர், அவருக்குப் பச்சை. ஒளிவாளின் நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், அதை ஒருவரின் மனப்போக்கோடு இணைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. டோராக்கின் கருத்து நமக்கு ஒப்பவில்லையென்றால் வேறு பிரிவைக் கேட்டு வாங்கவும் இடமுண்டு.

கடைசிச் சோதனை, மடத்துக்கு வெளியே உள்ள தோப்பில் படிந்திருக்கும் இருளை அகற்றுவது. அங்கே போனால் ஜுஹானி என்ற பெண் பாய்ந்து வந்து தாக்குகிறாள். அவளும் ஜெடாய் மாணவிதான். கோபத்தில் தன் ஆசானைக் கொன்றுவிட்டதாக எண்ணி, இனித் தனக்கு மீட்சி இல்லை என்று ஓடிவந்து ஒளிந்துகொண்டவள். சண்டையில் அவள் தளர்ந்ததும் உரையாடல் திறக்கும். வாளை ஓங்கி முடித்துவிடுவது இரண்டு நொடி வேலை. அதற்குப் பதிலாகப் பேசிப் பார்த்தால், அவள் ஒவ்வொரு வரியாக இறங்கி வருகிறாள்: முதலில் பெருமிதம், பிறகு ஆற்றாமை, கடைசியில் வெறும் குற்றவுணர்வு. அவசரப்பட்டு ஒரு தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு முறிந்துவிடும். பேசித் திருப்பி அழைத்துவந்தால் அவள் பின்னால் நம் கூட்டாளியாக ஆகிறாள். அவள் கொன்றதாக எண்ணிய ஆசான் உண்மையில் இறக்கவில்லை என்பதையும், தன் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவள் உணர வேண்டுமென்றே அந்தப் பாடம் நடத்தப்பட்டது என்பதையும் பேரவை அமைதியாகச் சொல்கிறது. அந்த அமைதி எனக்கு நெருடியது. ஒரு மாணவியை அந்த அளவுக்குத் துயரத்தில் தள்ளிப் பாடம் கற்பிக்கும் அமைப்பை எப்படி மதிப்பது? பேரவையை இப்படிக் கேள்வி கேட்கும் மனநிலைக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் எழுத்தின் வலிமை தெரிகிறது.

அதே கோளில் சாண்ட்ரல், மட்டாலே என்ற இரண்டு நிலக்கிழார் குடும்பங்களின் பகை ஒன்று வருகிறது. ஒரு வீட்டுப் பிள்ளை காணாமல்போக, மற்றொரு வீட்டுப் பிள்ளையைப் பிடித்து அடைத்துவைக்கிறார்கள். நடுவில் ஒரு காதலும் இருக்கிறது. இரண்டு தந்தையரும் ஆட்களோடு எதிரெதிரே வந்து நிற்கும்போது, ஜெடாயின் வேலை பஞ்சாயத்துப் பேசுவதுதான். பிறகு மனான் என்ற கடற்கோளில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பழைய போர்வீரருக்காக வழக்காடும் வாய்ப்பும் உண்டு. அவர் நம்முடன் பயணிக்கும் ஜோலி பிண்டோவின் நண்பர். விசாரிக்க விசாரிக்க, அந்த நண்பர் சொல்வது முழு உண்மையா என்ற ஐயம் வளர்கிறது. உண்மை, நட்பு, குடியரசின் நலன் ஆகிய மூன்றும் அங்கே மூன்று பக்கம் இழுக்கின்றன. ஜோலி, அமைப்பை விட்டு விலகிக் காட்டில் தனியே வாழ்ந்த முதியவர். தன் மனைவியை இருளிடம் இழந்தவர். பேரவையைப் பற்றி அவர் பேசும் இடங்களில் திறன்பேசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு. இருள் பக்கத்துக்குரிய, அதாவது தீய வழியில் போகும் தேர்வுகள் பல இடங்களில் முரட்டுத்தனமாக இருக்கின்றன. ஏழையிடம் பணம் பறிப்பதும் காரணமில்லாமல் கொல்லுவதும்தான் தீமை என்பது போல எழுதியிருக்கிறார்கள். ரெவன் போன்ற ஒருவர் நல்ல நோக்கத்தோடு வழிதவறிய கதையைச் சொல்லும் ஆட்டம், நமக்கும் அந்த வகையான சோதனையை இன்னும் நுட்பமாகத் தந்திருக்கலாம். சண்டை முறை பகடை எண்களின் அடிப்படையில் முறைவைத்து நடப்பது; நிறுத்தி யோசித்துக் கட்டளையிட வேண்டும். வேகமான வாள்வீச்சை எதிர்பார்ப்பவர்களுக்கு இது சலிப்பூட்டும். உருவங்களும் முகபாவங்களும் 2003-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பதை மறைக்க முடியாது.

கைபேசிப் பதிப்பைப் பொறுத்தவரை, திரையைத் தேய்த்து நடக்கும் முறை பழக அரைமணி நேரம் ஆகும். நிறுத்தி ஆடும் ஆட்டம் என்பதால் தொடுதிரை இதற்குப் பெரிய தடையாக இல்லை. எழுத்துகள் சிறிய திரையில் கண்ணை வருத்துகின்றன. டேப்லெட் இருந்தால் அதில் ஆடுவதே நல்லது. தமிழில் வசனமோ எழுத்தோ கிடையாது என்பதால், ஏராளமான ஆங்கில உரையாடலைப் படிக்கும் பொறுமை வேண்டும். ஒருமுறை விலைகொடுத்து வாங்கினால் போதும். இடையில் விளம்பரமும் இல்லை, மேற்கொண்டு காசு கேட்பதும் இல்லை. சேமிப்பிடம் இரண்டு ஜிபிக்கு மேல் பிடிக்கும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கதையின் பின்பாதியில் ஒரு பெரிய உண்மை வெளிப்படுகிறது. அதுவரை இணையத்தில் எதையும் தேடாதீர்கள். தோப்புக்குள் நுழைவதற்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்துவிட்டுப் போங்கள். ஜுஹானியிடம் பேச்சு முதல் தடவை முறிந்துபோனால், இன்னொரு முறை முயன்று பாருங்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் அவள் வாளைத் தாழ்த்தினாள்.