தேக்கு ஜன்னலைக் கழற்றும் முன்: சென்னை வெயிலுக்கு எந்தக் கண்ணாடி?

சென்னையின் பழைய தனி வீடுகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி ஜன்னல்தான்: தேக்கு நிலை, இரண்டு கதவு, 4 மி.மீ. கண்ணாடி, உள்ளே இரும்புக் கம்பி. மாற்றலாம் என்று விசாரித்தால் முதலில் காட்டுவது யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திய இரட்டைக் கண்ணாடியைத்தான். நல்ல பொருள்தான். ஆனால் "ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்து, சூடே உள்ள வராது" என்று சொல்லி விற்கிறார்களே, அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

கண்ணாடி வழியே சூடு இரண்டு விதமாக வருகிறது. வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசியில் 25 என்றால் அந்த வித்தியாசத்தால் ஊடுருவி வருவது ஒன்று. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று யு மதிப்பு அதைச் சொல்லும். வெயிலே நேராக உள்ளே விழுவது இன்னொன்று. அதற்கான எண் எஸ்எச்ஜிசி: விழும் வெயிலில் எத்தனை பங்கு சூடாக உள்ளே வருகிறது என்று சொல்லும். இரண்டுமே குறையக் குறைய நல்லது. பழைய ஒற்றைக் கண்ணாடிக்கு யு மதிப்பு 5.8, எஸ்எச்ஜிசி 0.85 அளவில் இருக்கும். பூச்சு எதுவும் இல்லாத இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, 0.72 என்று வைத்துக்கொள்ளலாம்.

மே மாத மாலை, மேற்கு பார்த்த படுக்கையறை, ஒன்றரை சதுர மீட்டர் கண்ணாடி. சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுகிறது என்று கொள்வோம். பழைய கண்ணாடியில் ஊடுருவி வருவது சுமார் 113 வாட், வெயிலாக வருவது சுமார் 640 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி போட்டால் முதலாவது 55 ஆகப் பாதியாகிவிடும். இரண்டாவதோ 540-லேயே நிற்கும். மொத்தம் 750 இருந்தது 595 ஆகிறது. ஜன்னலையே பெயர்த்து மாற்றி மிச்சமானது ஐந்தில் ஒரு பங்கு!

அதே தேக்குக் கதவில் எஸ்எச்ஜிசி 0.4 உள்ள வெயில் தடுப்புக் கண்ணாடியை, ஒற்றையாகவே போட்டாலும் மொத்தம் 410 வாட்டுக்கு இறங்கிவிடும். வெயில் தடுக்கும் லோ-இ பூச்சு (வெப்பக் கதிரைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சு) உள்ள இரட்டைக் கண்ணாடி என்றால், யு மதிப்பு 1.6, எஸ்எச்ஜிசி 0.28 என்ற கணக்கில், 240 வாட். வெப்பத்தை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். ஆனால் அங்கே பெரிய வேலையைச் செய்வது பூச்சு. கண்ணாடியின் எண்ணிக்கை அல்ல.

சரி, பழைய கதவிலேயே இரட்டைக் கண்ணாடி போட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங்கைக் கழற்றி, கண்ணாடி உட்காரும் பள்ளத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மி.மீ.தான் இருக்கும். 5-12-5 அளவு இரட்டைக் கண்ணாடி (5 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. இடைவெளி) 22 மி.மீ. கேட்கும். எடையும் சதுர மீட்டருக்கு 10 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறும். பழைய கீல் தொங்கிவிடும். 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியோ, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய மெல்லிய லேமினேட்டட் கண்ணாடியோ தாராளமாக உட்காரும். சட்டத்தைப் பொறுத்தவரை தேக்கும் யுபிவிசியும் வெப்பம் கடத்துவதில் ஏறக்குறைய சமம். அலுமினியம்தான் அவற்றைவிட ஆயிரம் மடங்கு அளவுக்குக் கடத்தும். கரையான் தொடாத தேக்கைக் கழற்றி எறிய வெப்பத்தைக் காரணமாகச் சொல்லவே கூடாது.

பழைய ஜன்னல் உண்மையிலேயே தோற்பது இடுக்கில். ஏசி ஓடும்போது ஊதுபத்தியைக் கதவு ஓரமாகக் கொண்டுபோனால் புகை ஆடுவதைப் பார்க்கலாம். நம் காற்றில் ஈரம் அதிகம். இடுக்கு வழியே வரும் காற்றின் ஈரத்தையும் ஏசி பிழிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தச்சரை வைத்துக் கதவைச் சீராக்கி, சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டினால் பாதிக் குறை தீரும். செலவு குறைவு என்பதால் இதை யாரும் விற்க வருவதில்லை.

கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிம் வாடகை வீட்டுக்குச் சரி. நல்ல ஃபிலிம் எஸ்எச்ஜிசியை 0.4 பக்கம் கொண்டுவரும். கறுப்பு ஃபிலிம் வேண்டாம். அது வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும். பாதி நிழல், பாதி வெயில் விழும் கண்ணாடி விரிசல் விடக்கூடும். அறையும் இருண்டு, பகலிலேயே லைட் போடும்படி ஆகும்.

இவை எல்லாவற்றையும்விட மேற்கு ஜன்னலுக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நிற்கிறது. உள்ளே போடும் திரை, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட சூட்டைத்தான் மறைக்கிறது. தெற்கு ஜன்னலுக்கு இந்தக் கவலையே பெரிதாக இல்லை. உச்சி வெயிலைச் சன்ஷேடு பார்த்துக்கொள்ளும். மாலையில் சாய்ந்து வரும் மேற்கு வெயில்தான் சன்ஷேடுக்குக் கீழே நுழைகிறது. வீடுகளுக்கான தேசிய எரிசக்திச் சேமிப்பு விதியான எக்கோ நிவாஸ் சம்ஹிதாகூடத் திசைக்குத் திசை வெவ்வேறு எடை வைத்துத்தான் வெயிலைக் கணக்கிடுகிறது. நான்கு பக்கமும் ஒரே கண்ணாடி போடச் சொல்லும் கொட்டேஷனை அதனால்தான் நான் நம்புவதில்லை.

யுபிவிசி இரட்டைக் கண்ணாடிக்கு நான் யோசிக்காமல் ஓட்டுப் போடும் இடங்கள் உண்டு: நிலையே உளுத்துப்போன வீடு, பஸ் ஹாரன் ஓயாத சாலையோரப் படுக்கையறை, நாள் முழுக்க ஏசி ஓடும் அறை. வாங்கினால் ஸ்லைடிங் வேண்டாம், திறக்கும் கதவாகவே வாங்குங்கள். ஸ்லைடிங் பாதிதான் திறக்கும், கடற்காற்று வரும் நேரத்தில் அது பெரிய நஷ்டம். அதன் பிரஷ் சீலும் கதவின் ரப்பர் அளவுக்கு இறுக்கமாகப் பிடிக்காது. சத்தம்தான் பிரச்சினை என்றால் இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனில் இருக்க வேண்டாம். ஒன்று லேமினேட்டட் ஆக இருந்தால் இன்னும் நல்லது. ஓரத்துச் சீல் விட்டுப்போனால் கண்ணாடிகளுக்கு நடுவே பனி படியும், துடைக்க வழியில்லை, அந்தக் கண்ணாடித் தொகுப்பையே மாற்ற வேண்டும். எனவே சீலுக்கு எத்தனை வருட வாரண்டி என்று எழுதி வாங்குங்கள். கொட்டேஷனில் யு மதிப்பு, எஸ்எச்ஜிசி இரண்டும் இருக்கட்டும்.

லோ-இ இரட்டைக் கண்ணாடி பொருத்தியதும் இருட்டில் லைட்டரைக் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள். நான்கு சுடர் தெரியும். அதில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. நான்கும் ஒரே நிறத்தில் இருந்தால், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.